குழாயடி வரிசையும் மோடத்து வரிசையும்

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்கும் ஜாம்பஜாருக்கும் நடுவே உள்ள சந்துகளில் தண்ணீர்ப் பஞ்சம் வந்த ஆண்டுகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2003-04லும் சரி, 2019லும் சரி, மெட்ரோ வாட்டர் லாரி வருவதற்கு முன்பே பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் குடங்கள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடும். வீட்டுக்கு இத்தனை குடம் என்று ஒரு கணக்கு இருக்கும். யாராவது பெரிய டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து "இதுவும் ஒண்ணுதானே" என்றால் அங்கேயே சண்டை. லாரி வராத நாட்களில் வாசல் அடிபம்புதான் கதி. அதிலும் தெருவில் ஒரு வீட்டுக்காரர் தெருக்குழாயிலிருந்து வரும் இணைப்பில் நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினால், பக்கத்து வீட்டுப் பம்பில் காற்றுதான் வரும். இப்படி மோட்டார் போடக் கூடாது என்பது குடிநீர் வாரியத்தின் விதி. விதி இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது!

இதே தெருக்களில், இதே வீடுகளுக்குள், இன்னொரு குழாயடிச் சண்டை கடந்த இருபது வருடங்களாக நடந்துவருகிறது. வீட்டுக்கு இணைய இணைப்பு ஒன்று. அதை நம்பி அப்பாவின் மடிக்கணினி, அம்மாவின் கைபேசி, அண்ணனின் விளையாட்டு, தங்கையின் பாடம், கூடத்தில் டிவி. ஒருவர் ஒரு படத்தை இறக்க ஆரம்பித்தால் மற்றவர் பேசிக்கொண்டிருக்கும் வீடியோ அழைப்பு உறைந்துபோகிறது. "யாரு டவுன்லோடு போட்டது?" என்ற குரல் கேட்காத வீடு குறைவு.

இணைப்பின் கொள்ளளவை (பேண்ட்வித் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்) வீட்டில் உள்ளவர்களுக்குள் நியாயமாகப் பங்கிடுவது எப்படி? இது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் இந்தக் கேள்விக்கு 1980களிலிருந்தே பெரிய மூளைகள் விடை தேடியிருக்கின்றன. அவர்களில் நம் நாட்டில் படித்துப் போனவர்களும் உண்டு. விடையும் கிடைத்துவிட்டது. அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதல் சண்டை தொலைபேசியோடு

மெட்ராஸுக்குப் பொதுமக்கள் இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. விதேஷ் சஞ்சார் நிகாம் (வி.எஸ்.என்.எல்.) பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு பெருநகரங்களில் சேவையைத் தொடங்கியது. அதற்கு முன்பே ஏர்னெட் என்ற கல்வி வலையமைப்பின் வழியாக ஐஐடி மெட்ராஸ் போன்ற இடங்களில் மின்னஞ்சல் புழங்கியது என்றாலும், வீட்டிலிருந்து டயல் செய்து இணையத்தைத் தொட்டது இந்த ஆண்டில்தான். வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். இன்று ஒரு சாதாரணப் புகைப்படத்தை அந்த வேகத்தில் இறக்கினால் டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம்.

அன்றைக்கு வீட்டில் இருந்தது ஒரே கணினி. அதனால் சாதனங்களுக்குள் பங்கு என்ற பேச்சே எழவில்லை. சண்டை தொலைபேசியோடுதான். நெட் ஓடினால் போன் ஓடாது; ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் "எங்கேஜ்டு" ஒலி. இந்தச் சண்டையைத் தீர்த்த ஒரு கருவி சென்னையிலேயே பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையில் நொடிக்கு 70 கிலோபிட் இணையம் கிடைக்கும். நடுவே யாராவது போன் பேசினால் பேச்சுக்குப் பாதியை விட்டுக்கொடுத்து இணையம் 35க்கு இறங்கிக்கொள்ளும். பேச்சு முடிந்ததும் பழையபடி ஏறிவிடும். பங்கீடு என்பது மறுப்பது அல்ல, தேவைப்படும்போது இடம் விடுவது என்று அந்தச் சின்னப் பெட்டிக்குத் தெரிந்திருந்தது.

பிறகு பிரவுசிங் சென்டர்களின் காலம். 1998ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே (சிஃபி) நாட்டின் முதல் தனியார் இணையச் சேவையைத் தொடங்கியது. தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. ஒரே தொலைபேசி இணைப்பை ஆறேழு கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வின்கேட் மாதிரி மென்பொருள்கள் இருந்தன. 1999ல் வந்த விண்டோஸ் 98ன் இரண்டாம் பதிப்பில் இந்த வசதி உள்ளேயே வந்துவிட்டது. ஆனால் 'பிரித்துக் கொடுப்பது' வேறு, 'நியாயமாகப் பிரித்துக் கொடுப்பது' வேறு. மூலையில் ஒருவர் பாட்டு இறக்கினால் மற்ற ஐந்து பேர் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துவிட்டு வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த மென்பொருள்களுக்குத் தெரிந்தது ஒரே சட்டம்: முந்தி வந்தவருக்கு முதலில்.

வரிசை என்றாலே நியாயம்தானே, முந்தி வந்தவருக்கு முதலில் என்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். லாரி வரிசையை நினைத்துப் பாருங்கள். ஒரே வீட்டுக்காரர் முந்தி வந்து நாற்பது குடங்களை அடுக்கிவிட்டால் பின்னால் ஒரே ஒரு சொம்போடு நிற்கும் பாட்டியின் கதி என்ன?

பாட்டிக்குத் தனி வரிசை

இந்தப் பாட்டியைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர் ஜான் நேகிள். அமெரிக்காவில் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் வேலை செய்தவர். 1984 ஜனவரியில் அவர் எழுதிய ஆர்.எஃப்.சி. 896 என்ற குறிப்பு, வலையமைப்பு நெரிசலால் நொறுங்கிப்போகும் அபாயத்தைச் சொல்லி எச்சரித்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1985 டிசம்பரில் இன்னொரு குறிப்பு, ஆர்.எஃப்.சி. 970. அதில் ஒரு விசித்திரமான கேள்வி: நடுவில் இருக்கும் கருவிக்கு அளவில்லாத நினைவகம் கொடுத்துவிட்டால் நெரிசல் தீர்ந்துவிடுமா? தீராது என்று காட்டினார் நேகிள். எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் வரிசைதான் நீளும். பாக்கெட்டுகள் உள்ளேயே காத்திருந்து ஆயுள் முடிந்து செத்துப்போகும். (இந்தப் பாடத்தை உலகம் இருபத்தைந்து வருடம் கழித்து மறுபடி படிக்க நேர்ந்தது. அது பின்னால் வருகிறது.)

அவர் சொன்ன தீர்வு எளிமையானது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே வரிசை வேண்டாம். அனுப்பும் கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வரிசை வையுங்கள். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் முறை வைத்து ஒரு பாக்கெட் எடுங்கள். நாற்பது குடம் வைத்திருப்பவரின் வரிசை நீளமாக இருக்கும், அவ்வளவுதான். பாட்டியின் சொம்பு அடுத்த சுற்றிலேயே நிரம்பிவிடும். பேராசைப்படுபவர் தன் வரிசையைத்தான் நீட்டிக்கொள்கிறார், பிறருடையதை அல்ல. யாரையும் திட்டவோ தண்டிக்கவோ தேவையே இல்லாத முறை இது.

நேகிள் எச்சரித்தது 1986 அக்டோபரில் நடந்தேவிட்டது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் சுமார் 400 கஜம். நொடிக்கு 32 கிலோபிட் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று நொடிக்கு 40 பிட்டாகச் சுருங்கியது. அதாவது நொடிக்கு ஐந்து எழுத்து. தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்திருந்தால் சீக்கிரம் சேர்ந்திருக்கும்.

அந்த ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன், மைக் கேரல்ஸ் என்பவரோடு சேர்ந்து இதற்கு மருந்து கண்டுபிடித்து 1988ல் வெளியிட்டார். அனுப்பும் கணினி மெதுவாகத் தொடங்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு சட்டென்று குறைத்துக்கொள்ள வேண்டும். இன்றும் உலகத்தின் கணினிகளும் கைபேசிகளும் இந்த வழியின் ஏதோ ஒரு வாரிசைத்தான் பின்பற்றுகின்றன. இணையம் பிழைத்தது இதனால்தான் என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் கவனியுங்கள். இது நாகரிகத்தை நம்பிய தீர்வு. குழாயடியில் எல்லோரும் "நீங்க பிடிங்க, நீங்க பிடிங்க" என்று விட்டுக்கொடுத்தால் சரி. ஒருவர் மோட்டார் போட்டால்? அதைவிட முக்கியமான ஓட்டை இன்னொன்று. இந்த முறையில் பங்கு போடப்படுவது ஆட்களுக்குள் அல்ல, இணைப்புகளுக்குள். ஒரே ஆள் பத்து இணைப்பு திறந்தால் அவருக்குப் பத்துப் பங்கு.

ஒரு டம்ளர் ஒரு டம்ளராக

நேகிளின் முறையிலும் ஒரு குறை இருந்தது. சுற்றுக்கு ஒரு பாக்கெட் என்றார். பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே அளவா என்ன? கோப்பு இறக்குபவரின் பாக்கெட் 1500 பைட், தட்டச்சு செய்பவரின் பாக்கெட் 64 பைட். ஆளுக்கு ஒன்று என்று எடுத்தால் முதலாமவருக்கு 23 மடங்குக்கு மேல் போய்விடுகிறது. டிரம்மும் 'ஒன்று', சொம்பும் 'ஒன்று' என்று எண்ணுகிற அதே கோளாறு.

இதைச் சரிசெய்த கட்டுரை 1989ல் வந்தது. எழுதியவர்கள் மூவர்: ஆலன் டெமர்ஸ், ஸ்ரீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர். இவர்களில் கேசவ் 1986ல் டெல்லி ஐஐடியில் பட்டம் பெற்று பெர்க்லிக்கு ஆராய்ச்சி செய்யப் போனவர். கட்டுரை வந்தபோது முனைவர் பட்டம்கூட வாங்கியிருக்கவில்லை (அது 1991ல்). மாணவர்கள் கவனிக்க!

அவர்களின் யோசனை அழகானது. ஒவ்வொருவரின் பாத்திரத்திலும் முறை வைத்து ஒரு டம்ளர், ஒரு டம்ளர் என்று ஊற்றினால் அதுதான் முழு நியாயம். ஆனால் நிஜத்தில் பாக்கெட்டை அப்படித் துண்டாக்கி அனுப்ப முடியாது. ஒன்றை எடுத்தால் முழுதாக அனுப்பியாக வேண்டும். அதனால் மனக்கணக்குப் போடு: டம்ளர் டம்ளராக ஊற்றியிருந்தால் யாருடைய பாத்திரம் முதலில் நிரம்பியிருக்கும்? அதை முதலில் முழுதாக நிரப்பு. அடுத்து எது நிரம்பியிருக்குமோ அதை. பாட்டியின் சொம்பு தானாக முன்னால் வந்துவிடுகிறது. டிரம்காரருக்கும் அநியாயம் இல்லை, தன் பங்கை அவர் மெதுவாகப் பெற்றுக்கொண்டே இருப்பார்.

நியாயம் என்பதை எண்ணால் அளக்க முடியுமா என்ற கேள்விக்கும் ஏறத்தாழ அதே காலத்தில் பதில் வந்திருந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ராஜ் ஜெயின், இருவரோடு சேர்ந்து 1984ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். பங்குகளைக் கூட்டி வர்க்கம் எடுத்து, அதைப் பங்குகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையாலும் ஆட்களின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். நான்கு பேருக்கும் சமம் என்றால் விடை 1. ஒருவரே எல்லாவற்றையும் விழுங்கினால் 0.25. ஒருவருக்கு 7, மற்ற மூவருக்கும் தலா 1 என்றால் 100ஐ 208ஆல் வகுத்து, சுமார் 0.48. பாகப்பிரிவினைப் பஞ்சாயத்தில் இப்படி ஒரு சூத்திரம் இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பித்திருக்கும்.

டெமர்ஸ், கேசவ், ஷெங்கர் முறையில் ஒரே சிக்கல், கணக்கு அதிகம். ஒவ்வொரு பாக்கெட் வரும்போதும் யார் முதலில் முடிப்பார் என்று ஒப்பிட்டு அடுக்க வேண்டும். அதிவேகக் கருவிகளுக்கு அதற்கு நேரமில்லை. 1990ல் பால் மெக்கென்னி, வரிசைகளின் எண்ணிக்கையை ஒரு குறிப்பிட்ட அளவோடு நிறுத்திக்கொண்டு ஆட்களைக் குலுக்கல் மாதிரி அவற்றில் போடும் வழியைச் சொன்னார். 1995ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து எம். ஸ்ரீதர், ஜார்ஜ் வர்கீஸ் இருவரும் இன்னும் சுலபமான ஒன்றைக் கொடுத்தார்கள். வர்கீஸ் 1981ல் மும்பை ஐஐடியில் படித்து முடித்தவர்.

அவர்கள் வழி மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வரிசையின் கணக்கிலும் 500 பைட் வரவு வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாக்கெட் 1200 பைட். முதல் சுற்றில் 500, போதாது, காத்திருங்கள். இரண்டாம் சுற்றில் 1000, போதாது. மூன்றாவதில் 1500 ஆகிவிட்டது. 1200ஐ அனுப்புங்கள், மீதி 300 உங்கள் பேரிலேயே இருக்கும். ஒப்பிடுவதும் அடுக்குவதும் கிடையாது, ஒரு கூட்டல், ஒரு கழித்தல், முடிந்தது. இந்தக் கணக்கின் மாற்றுருவங்கள் சிஸ்கோவின் பெரிய ரூட்டர்களுக்குள்ளும் போயின. இன்று சில நூறு ரூபாய் சில்லுகளிலும் ஓடுகின்றன.

மோட்டார் போட்ட மென்பொருள்கள்

ஆக 1995 ஆகஸ்டில் மெட்ராஸில் முதல் மோடம் கீச்சிட்ட காலத்திலேயே நியாயமான பங்கீட்டுக்கான கணக்கு தயாராக இருந்தது. அது வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்றால், இல்லை. பெரிய கருவிகளோடு நின்றுவிட்டது.

2004ல் மத்திய அரசு அகண்ட அலைவரிசைக் கொள்கையை அறிவித்தது. நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் அது பிராட்பேண்ட் என்று வரையறை. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் டேட்டா ஒன் வந்தது. தொலைபேசிக் கம்பியிலேயே இணையமும் பேச்சும். நடுவே ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டி. சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து படம் இறக்கிய ஒரு தலைமுறையே உண்டு. யோசித்தால் அதுவும் ஒரு பங்கீட்டு முறைதான்: பகல் எல்லோருக்கும், பின்னிரவு பேராசைக்காரர்களுக்கு!

256 கிலோபிட் என்றால் நொடிக்கு 32 கிலோபைட். 4 மெகாபைட் பாட்டுக்கு இரண்டு நிமிடம். இதில் பொறுமை இழந்தவர்கள் பிளாஷ்கெட், டவுன்லோடு ஆக்சிலரேட்டர் முதலியவற்றைப் போட்டுக்கொண்டார்கள். இவை என்ன செய்கின்றன? ஒரே கோப்பை எட்டுப் பத்துத் துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு திறக்கின்றன. ஜேக்கப்சன் முறையில் இணைப்புக்கு ஒரு பங்கு என்று முன்பே பார்த்தோம். அதனால் பக்கத்து அறையில் ஒரே இணைப்பில் மின்னஞ்சல் படிப்பவருக்கு ஒரு பங்கு, இவருக்குப் பத்து. தெருக்குழாயில் மோட்டார் போட்ட கதைதான். டோரண்ட் வந்தபின் பத்து நூறாயிற்று.

இணைப்புக்கு இணைப்பு சமமாகப் பிரித்துவிட்டு அதை நியாயம் என்று அழைப்பதே மூடநம்பிக்கை என்று 2007ல் பாப் பிரிஸ்கோ என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் காரசாரமாக ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன தீர்வு எல்லோருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி சரியானது. ரேஷன் கடையில் அரிசி ஆளுக்கு இவ்வளவா, அட்டைக்கு இவ்வளவா என்று முதலில் முடிவு செய்த பிறகுதானே தராசு வேண்டும்? 'ஒன்று' என்று எதை எண்ணுவது என்பதைத் தீர்மானிக்காமல் சமம் என்று பேசுவதில் அர்த்தமில்லை.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் குறுக்கே நிற்கிறது. வீட்டில் எத்தனை சாதனம் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரி. ரூட்டர்தான் உள்ளே இருக்கும் முகவரிகளை மாற்றி அனுப்புகிறது. அதனால் எது அம்மாவின் கைபேசி, எது அண்ணனின் கணினி என்று இணைய நிறுவனத்துக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி. வீட்டுக்குள் நியாயம் வேண்டுமென்றால் அதை அந்தப் பெட்டிதான் செய்ய வேண்டும்.

2002 வாக்கில் நெதர்லாந்தின் பெர்ட் ஹூபர்ட் 'வொண்டர் ஷேப்பர்' என்று ஒரு சின்ன நிரலை வெளியிட்டார். அதில் ஒரு தந்திரம். உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே நம் பெட்டி அனுப்பினால், வரிசை வெளியே எங்கோ தேங்காமல் நம் பெட்டியிலேயே தேங்கும். நம் வீட்டில் தேங்கினால் நம்மால் ஒழுங்குபடுத்த முடியும். ரிச்சி தெருவில் பழைய கணினி ஒன்றை வாங்கி லினக்ஸ் போட்டு வாசலில் காவல்காரன் மாதிரி உட்காரவைக்கத் தெரிந்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். மற்றவர்களுக்கு ரூட்டரில் 'முன்னுரிமை' என்று ஒரு பக்கம் இருக்கும்; யாருக்கு முதலிடம் என்று பட்டியல் போடலாம். அந்தப் பக்கத்தின் கடவுச்சொல் வீட்டில் யாரிடம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பட்டியலில் முதலிடம் விளையாட்டுக்கு!

முன்னுரிமைக்கும் நியாயத்துக்கும் இதுதான் வித்தியாசம். முன்னுரிமைக்கு யாருடைய வேலை முக்கியம் என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். நேகிளின் வழியில் அந்தத் தீர்ப்பே தேவையில்லை.

தொட்டி பெரிதானால்

2010ல் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தார். இணையம் மெதுவாக இருக்கிறது என்று அவர் பிள்ளைகள் புகார் சொன்னார்கள். மனிதர் சாதாரண ஆள் இல்லை. யூனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர், அப்போது பெல் ஆய்வகத்தில் இருந்தவர். அளந்து பார்த்தால் ஒரு நொடிக்கும் மேல் தாமதம். காரணத்தைத் துருவிக்கொண்டு போனவருக்குக் கிடைத்த விடை: நினைவகம் மலிவாகிவிட்டதால் மோடம், ரூட்டர் செய்பவர்கள் எல்லோரும் உள்ளே பெரிய பெரிய தொட்டிகளைக் கட்டிவிட்டார்கள். பாக்கெட் தொலைந்தால்தான் அனுப்புபவர் வேகத்தைக் குறைப்பார். தொட்டி நிரம்பினால்தான் பாக்கெட் தொலையும். தொட்டி பெரிதாக இருந்தால் நிரம்பும்வரை யாரும் குறைப்பதில்லை, புதிதாக வருபவர் தொட்டி முழுதும் வடியும்வரை காத்திருக்க வேண்டும். 256 கிலோபிட் இணைப்பில் 64 கிலோபைட் தொட்டி நிரம்பியிருந்தால் அது வடிய 2 நொடி. ஃபோனில் "ஹலோ" சொன்னால் 2 நொடி கழித்துப் போய்ச் சேரும். நேகிள் 1985ல் சொன்னதை யாரும் படிக்கவில்லை போலும். கெட்டிஸ் இந்த நோய்க்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். தொட்டி வீக்கம் என்று சொல்லலாம்.

2012 மே மாதம் கேத்லீன் நிக்கல்ஸ், பழைய வான் ஜேக்கப்சன் இருவரும் மருந்து கொடுத்தார்கள். 'கோடெல்' என்று பெயர். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காதே, உள்ளே வந்த பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார். 100 மில்லி நொடிக் காலம் முழுதும் காத்திருப்பு 5 மில்லி நொடிக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் ஒன்றிரண்டைத் தூக்கிப் போட்டு அனுப்புபவருக்கு உறைக்கச் செய். அதே ஆண்டு ஜூலையில் எரிக் டுமாசே இதை ஸ்ரீதர்-வர்கீஸின் பற்று நோட்டோடும் மெக்கென்னியின் குலுக்கலோடும் இணைத்து லினக்ஸ் 3.5ல் சேர்த்தார். எஃப்.க்யூ.கோடெல் என்ற இந்த முறையில் 1024 வரிசைகள். இதில் ஒரு கூடுதல் கருணை உண்டு: இப்போதுதான் வந்த, கொஞ்சமே கேட்கிற வரிசைக்கு முதல் மரியாதை. சொம்புப் பாட்டி வந்த உடனே ஊற்றிவிட்டு, டிரம்காரர்களைப் பிறகு சுற்றில் கவனிக்கலாம். பேச்சு, தட்டச்சு, முகவரி விசாரிப்பு எல்லாம் இப்படி நழுவிப் போய்விடுகின்றன. டிரம்காரருக்கு வித்தியாசமே தெரியாது.

ஆனால் இதிலும் 'ஒன்று' என்பது இணைப்புதான். நூறு இணைப்பு திறந்தவருக்கு இன்னமும் நூறு பங்கு. அந்தக் கடைசி ஓட்டையை அடைத்தது 2018 அக்டோபரில் லினக்ஸ் 4.19ல் சேர்ந்த 'கேக்'. ஜோனதன் மார்ட்டனும் டேவ் டாட் உள்ளிட்ட தன்னார்வலர்களும் வருடக்கணக்கில் உழைத்துச் செய்தது. இது முகவரி மாற்றத்துக்கு உள்ளே எட்டிப் பார்த்து, முதலில் சாதனங்களுக்குள் சமமாகப் பிரிக்கிறது; பிறகு அந்தந்தச் சாதனத்தின் பங்கை அதன் இணைப்புகளுக்குள் பிரிக்கிறது. அண்ணன் நூறு டோரண்ட் திறந்தாலும் அது அவன் பங்குக்குள்தான் அடித்துக்கொள்ளும். அனுப்பும் கணினிக்கு ஒரு வரிசை என்று நேகிள் எழுதி 33 வருடம் ஆகியிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்

ராயப்பேட்டையின் பழைய வீடுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. சுவர்கள் கனமானவை, ரூட்டர் கூடத்தில், ஆள் பின்கட்டில். வைஃபை அங்கே தேய்ந்துதான் போய்ச் சேரும். 2003லேயே பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் ஒரு விநோதத்தைக் காட்டினார்கள். வைஃபையில் எல்லோருக்கும் சமமாகப் பாக்கெட் வாய்ப்புக் கிடைக்கிறது. நொடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் பேசுபவர்கள் நடுவே 1 மெகாபிட்டில் பேசும் ஒருவர் இருந்தால், அவருடைய ஒரு பாக்கெட் முடிவதற்குள் மற்றவர்களின் நேரம் கரைந்து எல்லோருக்கும் 1க்கும் கீழேதான் கிடைக்கும். குடத்துக்குக் குடம் சமம் பார்த்தால், சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயில் பிடிப்பவர் எல்லோரையும் நிற்க வைத்துவிடுகிறார். இங்கே குடத்தை எண்ணாமல் குழாயடியில் நிற்கும் நேரத்தை எண்ண வேண்டும். ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோக்கே ஹோய்லாண்ட் யோர்கென்சன் குழு 2017ல் அதைச் செய்து லினக்ஸில் சேர்த்தது. பின்கட்டுக்காரருக்கு இது பாதகம்தானே என்றால், ஆமாம், கொஞ்சம் பாதகம்தான். இதைவிட நல்ல தீர்ப்பு இதுவரை யாரும் சொல்லவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்தப் பழைய கணக்கெல்லாம் திடீரென்று வீட்டு விவகாரம் ஆயிற்று. காலை ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளைக்கு வகுப்பு, இன்னொரு பிள்ளைக்குத் தேர்வு, அப்பாவுக்கு அலுவலகக் கூட்டம், எல்லாம் ஒரே இணைப்பில். நாட்டின் பெரிய வீடியோ தளங்கள் கைபேசிகளில் படத்தின் தரத்தைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொண்டன. வீட்டுக்குள் அப்படிக் குறைத்துக்கொள்ள யாரும் இல்லை. வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தில் உறைந்துபோன முகத்துக்கு ஆசிரியர் 'ஆப்சென்ட்' போட்டுவிடுவார். அதிக வேகத் திட்டத்துக்கு மாறினால் தீரும் என்று பல வீடுகள் மாறின. மாறிய பிறகும் ஒருவர் பெரிய கோப்பை மேலேற்றினால் மற்றவரின் அழைப்பு உறையத்தான் செய்தது. வேகம் கூடினால் வரிசையின் ஒழுங்கு தானாக மாறிவிடுவதில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டி எப்படி என்று பார்ப்பது சுலபம். கணினியில் 'பிங்' கட்டளையை ஓடவிட்டு, பதில் வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்னொரு சாதனத்தில் ஒரு பெரிய வீடியோவை மேலேற்றுங்கள். 20 மில்லி நொடி 30 ஆனால் நல்ல பெட்டி. 20 என்பது 800 ஆனால் தொட்டி வீங்கியிருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளில் எஃப்.க்யூ.கோடெல் இயல்பாகவே இருக்கிறது, 'எஸ்.க்யூ.எம்.' என்ற பகுதியை நிறுவினால் கேக்கும் கிடைக்கும். ஆனால் எல்லா ரூட்டரிலும் அதை ஏற்ற முடியாது, ஏற்றத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கவும் வேண்டும். அதில் கேட்கும் எண், உங்கள் இணைப்பின் உண்மையான வேகத்தைவிட ஐந்து, பத்து சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். ஹூபர்ட்டின் அதே பழைய தந்திரம். வேகத்தை அளக்கும் தளத்தில் 100க்குப் பதில் 95 அல்லது 90 என்று காட்டும். கட்டிய காசுக்கு 100 வரவில்லையே என்று வீட்டில் யாராவது அதை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சமிருக்கும் வேலை.